தாங்கி நிற்கும் எலும்புகள், தாழ்ந்து கொடுக்கும் மூட்டுகள்

கூடாரத்திற்குக் கம்பம், கட்டடத்திற்குக் கம்பி, தோணிக்கு விலா மரம் என்று எலும்புக்கு உவமை சொல்வது பாடநூல்களின் வழக்கம். அதில் தவறொன்றுமில்லை. ஆயினும் நட்ட கம்பம் வளர்வதில்லை; முறிந்த கம்பி தானாக ஒட்டிக்கொள்வதில்லை; தோணியின் விலா மரம் இரத்தத்தை உற்பத்தி செய்வதும் இல்லை. எலும்போ இவை மூன்றையும் செய்கிறது. இறைச்சிக் கடையிலும் மண்ணறையிலும் உலர்ந்த எலும்பையே கண்டு பழகிய நமக்கு, உடலுக்குள் இருக்கும் எலும்பு ஈரமும் இரத்த ஓட்டமும் நரம்பும் கொண்ட உயிருள்ள உறுப்பு என்பது எளிதில் மனத்தில் பதிவதில்லை.

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கோ ஏறத்தாழ 270 முதல் 300 வரை இருக்கும். குழந்தை வளர வளர எலும்புகள் குறைவது எப்படி என்று வியக்க வேண்டாம். தனித்தனியாக இருந்த பல துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்து ஓர் எலும்பாகிவிடுகின்றன. குழந்தையின் உச்சந்தலையில் தொட்டால் மெத்தென்று துடிக்கும் உச்சிக்குழி, மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுசேராத இடமேயாகும். பிரசவத்தின்போது தலை சற்றுக் குறுகி வெளிவரவும், பிறந்தபின் மூளை விரிந்து வளரவும் அந்த இடைவெளி தேவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று முதல் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் அது மூடிக்கொள்ளும். வயிற்றுப்போக்குள்ள குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அதன்மேல் எண்ணெய் வைத்துக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

எலும்புகளின் பங்கீடும் சிந்திக்கத்தக்கது. ஒரு கையின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 27 எலும்புகள். ஒரு பாதத்தில் 26. இரு கைகளையும் இரு பாதங்களையும் சேர்த்தால் 106. அதாவது உடலின் மொத்த எலும்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை கைகளிலும் பாதங்களிலுமே அமைந்துள்ளன. எழுதுவது, தைப்பது, மாவு பிசைவது, ஊசியில் நூல் கோப்பது ஆகிய அனைத்தும் இந்தச் சிறு எலும்புகளின் ஒத்துழைப்பால் நிகழ்பவை. மிக நீளமானது தொடை எலும்பு. ஒருவருடைய உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அது. மிகச் சிறியது நடுச்செவியில் உள்ள அங்கவடி எலும்பு. அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். கழுத்தில் நமக்கு ஏழு முள்ளெலும்புகள். நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான் என்றால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள்.

<b>சமையலறையில் ஒரு சோதனை</b>

எலும்பு எதனால் ஆனது என்பதை அறிய ஆய்வுக்கூடம் செல்ல வேண்டியதில்லை. உண்டு முடித்த கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, ஒரு கண்ணாடிக் குவளையில் இட்டு, அது மூழ்கும்படி வினிகர் ஊற்றி ஒரு வாரம் மூடிவையுங்கள். இடையில் ஓரிரு முறை வினிகரை மாற்றுங்கள். பின்னர் எடுத்துப் பார்த்தால் எலும்பு ரப்பரைப்போல் வளையும். வினிகரிலுள்ள அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிட, எஞ்சி நிற்பது கொலாஜன் என்னும் நார்ப்பொருள். மாறாக, ஓர் எலும்பை நெருப்பிலிட்டுச் சுட்டால் நார்ப்பொருள் எரிந்துபோய்ச் சுண்ணாம்பு மட்டும் எஞ்சும். வடிவம் மாறாதிருந்தாலும் விரலால் நசுக்கினாலே பொடிந்துவிடும். ஒன்று மட்டுமிருந்தால் வளைந்துவிடும். மற்றது மட்டுமிருந்தால் நொறுங்கிவிடும். இரண்டும் பிணைந்திருப்பதாலேயே எலும்பு கெட்டியாகவும் இருக்கிறது, ஓரளவு வளைந்து கொடுக்கவும் செய்கிறது. சிறுவர்களுக்கு நார்ப்பொருளின் பங்கு மிகுதி. ஆகவேதான் அவர்கள் கீழே விழும்போது எலும்பு, பச்சைக் குச்சி ஒடிவதுபோல் ஒருபுறம் மட்டும் பிளந்து மறுபுறம் வளைந்து நிற்பதுண்டு.

இந்த இடத்தில் ஆட்டுக்கால் பாயாவைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு முழுதும் அடுப்பிலிருந்த பாயா காலையில் உறைந்து கூழ்போல் நிற்பதைப் பார்த்து, எலும்பின் சத்தெல்லாம் இறங்கிவிட்டது என்று மகிழ்வோர் பலர். இறங்கியது கொலாஜன், சூட்டில் அது கரைந்து ஆறியதும் உறைகிறது. சுண்ணாம்புச் சத்தோ வெந்நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே எலும்புச் சாற்றில் நாம் எதிர்பார்க்கும் அளவு கால்சியம் கிடைப்பதில்லை. ருசிக்காக உண்ணுங்கள். முறிந்த எலும்பு ஒட்டுவதற்கு அதுவே மருந்து என்று எண்ணிப் பாலையும் கீரையையும் மறந்துவிடாதீர்கள்.

நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சும்போது வாய்க்கு வருகிறதே, அதுதான் மச்சை. பெரிய எலும்புகளின் குழலுக்குள் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு நிறைந்த மஞ்சள் மச்சை. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முள்ளெலும்பு ஆகியவற்றின் உள்ளே சிவப்பு மச்சை உண்டு. அங்கேதான் இரத்தத்தின் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் உருவாகின்றன. ஒரு வினாடிக்கு இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் என்ற கணக்கில், நாம் உறங்கும்போதும் அந்தத் தொழிற்சாலை இயங்கிக்கொண்டே இருக்கிறது.

எலும்பு ஒரு கருவூலமும் ஆகும். உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. வளர்ந்தவருக்கு அது ஏறத்தாழ ஒரு கிலோ. எஞ்சிய ஒரு விழுக்காடுதான் இரத்தத்திலும் தசையிலும் இருக்கிறது. அந்தச் சிறு அளவு இல்லாவிட்டால் இதயம் துடிக்காது, தசை சுருங்காது, இரத்தம் உறையாது. உணவில் வரவு குறைந்தால் உடல் தயங்குவதில்லை. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஆணையிட, எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் வேலையைத் தொடங்கிக் கருவூலத்திலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. எடுத்த இடத்தை நிரப்பப் புது எலும்பை ஆக்கும் உயிரணுக்களும் உள்ளன. இவ்விரு சாராரின் ஓயாத உழைப்பால் ஆண்டுதோறும் நம் எலும்புக்கூட்டில் பத்தில் ஒரு பங்கு புதிதாக்கப்படுகிறது. ஏறத்தாழ முப்பது வயது வரை வரவு மிகுதி. அதன்பின் செலவு மெல்ல முந்துகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் பருவத்தை அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் செலவு வேகமெடுக்கிறது.

<b>எலும்பு மேட்டில் ஒரு மருத்துவர்</b>

எலும்புகளைப் பற்றிய இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் எழுதி வைத்தவையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகின் சட்டமாக இருந்தன. அவர் குரங்கு முதலான விலங்குகளை அறுத்துப் பார்த்தே பெரும்பாலும் எழுதினார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவர் கூற்று. அரபு மருத்துவர்களும் அதையே வழிமொழிந்து வந்தனர்.

ஹிஜ்ரி 597, 598ஆம் ஆண்டுகளில், அதாவது கி.பி. 1200 முதல் 1202 வரை, நைல் நதியில் வெள்ளம் பொய்த்து எகிப்தில் கொடும் பஞ்சம் நிலவியது. மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டனர். அக்காலத்தில் அங்குத் தங்கியிருந்தவர் பக்தாதைச் சேர்ந்த அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி. கெய்ரோ நகரை ஒட்டிய மக்ஸ் என்னும் இடத்தில் மனித எலும்புகள் மேடாகக் குவிந்து கிடப்பதைக் கேள்வியுற்று, அவர் தம்முடன் சிலரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றார். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட தாடைகளை அவரும் உடன் வந்தோரும் எடுத்து ஆராய்ந்தனர். எதிலும் நடுவே பொருத்து இல்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பு. காலன் எத்துணை நுணுக்கமானவராயினும், அவர் சொல்லைவிடக் கண் கண்ட சான்றே நம்பத்தக்கது என்று தம் எகிப்துப் பயண நூலில் அவர் துணிந்து எழுதினார். ஐரோப்பாவில் வெசேலியஸ் தம் புகழ்பெற்ற உடற்கூற்று நூலை வெளியிட்டுக் காலனின் பிழைகளைத் திருத்தியது 1543இல். இடைவெளி முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல்!

ஆட்டுத் தலைக்கறி சமைப்போர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வெந்தபின் ஆட்டின் கீழ்த்தாடை நடுவில் இரண்டாகப் பிரிந்துவிடும். மனிதக் குழந்தைக்கும் பிறக்கும்போது இரு பாதிகளாகவே இருந்து, முதல் வயதுக்குள் ஒன்றாகிவிடுகிறது. பழைய நூலை மட்டும் படித்தவர்களுக்கு ஐயம் எழவில்லை. பஞ்சத்தின் நடுவே எலும்பைக் கையிலெடுத்துப் பார்த்தவருக்கு உண்மை தெரிந்தது.

<b>அசைவின் இரகசியம்</b>

எலும்புகள் எத்துணை உறுதியாயினும் மூட்டுகள் இல்லையேல் நாம் சிலைகளே. மனிதனின் ஒவ்வொரு மூட்டின் மீதும் நாள்தோறும் ஒரு தர்மம் கடமை என்ற கருத்துடைய நபிமொழியை நம் வீடுகளில் சிறுவர்களும் அறிவர். ஒரு விரல் மூட்டு வீங்கி மடங்க மறுக்கும் நாளில்தான் அது எத்தகைய அருட்கொடை என்பது புலனாகும்.

எல்லா மூட்டுகளும் அசைபவை அல்ல. மண்டையோட்டு எலும்புகள் தையல் போட்டதுபோல் ஒன்றோடொன்று பற்களாகப் பொருந்தி அசையாமல் நிற்கின்றன. முள்ளெலும்புகளுக்கிடையே குருத்தெலும்புத் தட்டுகள் இருப்பதால் அவை சிறிதளவே அசையும். தாராளமாக அசையும் மூட்டுகளின் அமைப்பில்தான் எத்தனை வகை! முழங்கை, கதவுக் கீல்போல ஒரு திசையில் மடங்கும். தோளும் இடுப்பும் கிண்ணத்திற்குள் சுழலும் பந்து. தோளின் கிண்ணம் ஆழமற்றது. அதனால் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனாலேயே எளிதில் நழுவவும் செய்கிறது. இடுப்பின் கிண்ணம் ஆழமானது. எனவே உறுதி மிகுதி, சுழற்சி குறைவு. தொழுகையின் முடிவில் வலமும் இடமும் முகம் திருப்பி ஸலாம் கொடுக்கிறோமே, அப்போது கழுத்தின் முதல் முள்ளெலும்பு, இரண்டாவதன் முளையைச் சுற்றித் திரும்புகிறது. கட்டைவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம்போல் அமைந்தது. அது மற்ற நான்கு விரல்களின் நுனியையும் சென்று தொடுவதால்தான் நம்மால் எழுதுகோலைப் பிடிக்க முடிகிறது.

இத்தகைய மூட்டுகளில் எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். சுற்றிலும் ஓர் உறை. அதன் உட்புறச் சவ்வு சுரக்கும் வழவழப்பான நீர் மசகாகிறது. முழங்கால் போன்ற பெரிய மூட்டிலும் அந்த நீர் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவுதான். ஆயினும் குருத்தெலும்பின்மேல் குருத்தெலும்பு வழுக்குவதைப்போலப் பனிக்கட்டிகூட வழுக்குவதில்லை.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. இந்த ஒரு செய்தியிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. நரம்பில்லாததால் அது தேயத் தொடங்கும்போது வலிப்பதில்லை. வலி தெரியும் வேளையில் தேய்மானம் வெகுதூரம் சென்றிருக்கும். இரத்தக் குழாய் இல்லாததால் அது மூட்டு நீரிலிருந்தே உணவு பெற வேண்டும். எடை அழுந்தும்போது கடற்பஞ்சுபோல் நீரைப் பிழிந்து, எடை விலகும்போது மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. எனவே அசைவுதான் அதற்கு உணவு. மூட்டு வலிக்கிறதென்று நாள் முழுதும் கட்டிலில் கிடப்பது, பசித்தவனுக்குச் சோற்றை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

<b>முழங்கால்</b>

உடலின் மிகப் பெரிய மூட்டு முழங்கால். அதிகம் முறையிடுவதும் அதுவே. தொடை எலும்பின் இரு உருண்டை முனைகள், கணைக்கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான மேடையின்மேல் அமர்ந்துள்ளன. உருண்டை தட்டையின்மேல் நிற்குமா? அதற்காகவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்பு வளையங்கள் ஓரத்தில் அணைகொடுக்கின்றன. உள்ளே குறுக்காகச் செல்லும் இரு நாண்களும், பக்கத்துக்கு ஒன்றாக இரு நாண்களும் எலும்புகள் நழுவாமல் பிணைக்கின்றன. முன்புறம் முழங்காற்சில்லு. பிறந்த குழந்தைக்கு இது வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதுக்குமேல்தான் எலும்பாக மாறத் தொடங்குகிறது. தொடைத் தசை காலை நீட்டும்போது கப்பியின்மேல் கயிறு செல்வதுபோல் இச்சில்லின் வழியாக இழுப்பதால் அதன் வலிமை கூடுகிறது.

நிமிர்ந்து நிற்கும்போது முழங்கால் இறுதிக் கட்டத்தில் சற்றே திருகிப் பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் நீண்ட நேரம் நின்றாலும் தொடைத் தசை உடனே களைப்பதில்லை. ஸுஜூதுக்குச் செல்ல முழங்காலை மடக்கும்போது, அதன் பின்புறமுள்ள ஒரு சிறு தசை முதலில் அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. சாவியின் உருவம் சிறியது. அது திறப்பது உடலின் பெருங்கதவு.

பள்ளிவாசல்களின் ஓரத்தில் நாற்காலிகளின் எண்ணிக்கை பெருகிவருவதைக் காண்கிறோம். இயலாதவருக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளலாம். நான் சொல்ல வந்தது, இயலாமையைத் தள்ளிப்போட வழியுண்டு என்பதே. முழங்கால் வலியுள்ளவர் உடல் எடையில் ஒரு கிலோவைக் குறைத்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமையில் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. இரண்டாவது, தொடைத் தசைக்குப் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்திருந்து, மெல்ல இறக்க வேண்டும். பின்பு மற்றொரு கால். காலையும் மாலையும் பத்துப் பத்து முறை. தைலம் தேய்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினால் போதும். அறுவை செய்து உலோக மூட்டு பொருத்திக்கொள்வோர், பிறகு முழங்காலை எந்த அளவு மடக்கலாம், தரையில் மண்டியிடலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வலி நீங்கினாலும் தரையில் மண்டியிடுவது பலருக்கு இயலாமற் போகிறது.

எல்லா மூட்டு வலியும் தேய்மானமன்று. கைவிரல்களின் சிறு மூட்டுகள் இருபுறமும் வீங்கி, காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக விறைத்திருந்தால், உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கக்கூடும். பெண்களை அது அதிகம் தாக்குகிறது. தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் விரல்கள் கோணுவதைத் தடுக்கலாம். வலிமாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கிக்கொண்டே காலம் கடத்தினால் விரலும் போகும், சிறுநீரகமும் கெடும்.

<b>வீட்டிற்குள் வராத வெயில்</b>

நம் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உணவில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும், அதைக் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். அது உணவில் மிகச் சொற்பமாகவே கிடைக்கும். சூரியனின் புறஊதாக் கதிர் தோலில் படும்போது உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டில் ஆண், பெண், எச்சமயத்தார் என்ற வேறுபாடின்றி இக்குறை பரவலாகக் காணப்படுகிறது. அலுவலகத்திலும் ஆலையிலும் பகலைக் கழிக்கும் ஆண்களுக்கும் அது உண்டு. ஆயினும் பகல் முழுதும் வீட்டிற்குள்ளேயே இருந்து, வெளியே செல்லும்போது உடலை மூடிச் செல்லும் பெண்களுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு என்பதை மறைத்துப் பயனில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஷ்மீரில் பணிபுரிந்த ஆங்கிலேயப் பெண் மருத்துவர் கேத்லீன் வாகன், வெளிச்சம் நுழையாத அந்தப்புரங்களில் வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு மென்மையாகி உருக்குலைந்து, பிரசவம் உயிருக்கே ஆபத்தாக முடிவதைப் பதிவு செய்து 1928இல் நூலாக வெளியிட்டார்.

இதைப் படித்துவிட்டு ஆடையைக் குறைசொல்லப் புறப்படுவோருக்கு ஒரு விளக்கம். பழைய வீடுகளில் நடுவே திறந்த முற்றம் இருந்தது. அந்நியர் பார்வை படாத அவ்விடத்தில் பெண்கள் கூந்தலை உலர்த்தினர், வடகம் இட்டனர், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தனர். வெயில் தானாகக் கிடைத்தது. முற்றத்தை அடைத்துக் கூரை போட்டு, மாடிமேல் மாடி எழுப்பி, சன்னலுக்குத் திரையும் போட்டபின் அந்த வெயில் எங்கிருந்து வரும்? புதிதாக வீடு கட்டுவோர் வாகனம் நிறுத்த ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியையாவது பெண்களின் வெயிலுக்கு ஒதுக்கலாகாதா? மாடியில் இடுப்பளவுச் சுவருக்குப் பதிலாக ஆளுயரச் சுவர் எழுப்பினாலே போதும். முற்பகல் 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள், கைகளிலும் கால்களிலும் வெயில் படும்படி ஏறத்தாழ அரைமணி நேரம், வாரத்தில் சில நாட்கள் இருப்பது நலம். நம் தோலின் நிறம் கறுப்பாகையால் வெள்ளையரைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அமர்வதால் பயனில்லை. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

குறை இருப்பதை எப்படி அறிவது? தொடை, இடுப்பு, முதுகு ஆகியவற்றில் இன்ன இடம் என்று சுட்ட முடியாத வலி, தரையிலிருந்து எழும்போது கையூன்ற வேண்டிய நிலை, படியேற இயலாமை, சிறுபிள்ளைகளுக்குக் கால் வளைதல், மணிக்கட்டு பருத்தல், நடை தாமதித்தல். மருமகள் வேலைக்குச் சுணங்குகிறாள் என்று சொல்லுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நியாயம். தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவாதலால் கைக்குழந்தைகளுக்கு முதல் ஓராண்டு நாள்தோறும் 400 அலகு சொட்டு மருந்து தருமாறு குழந்தை மருத்துவர்கள் கூறுகின்றனர். அதே வேளை, 6,00,000 அலகு கொண்ட ஊசியை மருத்துவர் சொல்லாமலே மாதந்தோறும் போட்டுக்கொள்வோரும் இருக்கின்றனர். அது ஆபத்து. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

கால்சியம் பெறப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நாளொன்றுக்கு வளர்ந்தவருக்கு 1,000 மில்லிகிராம் தேவை. 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமலும் உள்ளன. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லத்தக்க நெத்திலி ஆகியனவும் நல்லவை. பாலூட்டும் தாயின் எலும்பிலிருந்து ஓரளவு கால்சியம் குழந்தைக்குச் செல்கிறது. பால் மறந்தபின் உடல் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு அவளுக்கு உணவும் வெயிலும் கிடைத்தாக வேண்டும்.

<b>வழுக்கும் தரை</b>

எலும்பு மெலிதல் ஓசையின்றி வரும். முதுகில் கூன் விழுதல், உயரம் குறைதல், சாதாரணமாக விழுந்து கையூன்றியதற்கே மணிக்கட்டு முறிதல் ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். பெரும் இடி, இடுப்பருகே தொடை எலும்பின் கழுத்து முறிவது. அது நிகழும் இடம் பெரும்பாலும் வீடுதான். பளபளப்பான ஓடு பதித்த குளியலறையில், ஒளுச் செய்ய ஒரு காலைத் தூக்கிக் குழாயடியில் நீட்டி, மறுகாலால் ஈரத்தரையில் நிற்கும் எழுபது வயது மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். குழாயின் முன் ஓர் உறுதியான முக்காலி, சுவரில் ஒரு பிடி, காலடியில் சொரசொரப்பான விரிப்பு, ஃபஜ்ர் வேளையில் எழுந்து செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு. இவற்றின் மொத்தச் செலவு அறுவைச் சிகிச்சைச் செலவில் ஒரு துளி. பள்ளிவாசல் நிர்வாகிகளும் தம் ஒளுச் செய்யும் இடத்தை ஒருமுறை ஈரக்காலோடு நடந்து பார்க்கலாம்.

விழுந்த முதியவரின் கால் சற்றுக் குட்டையாகவும் பாதம் வெளிப்புறம் திரும்பியும் இருந்தால் இடுப்பு முறிந்திருக்கிறது என்று கொள்ளலாம். எண்ணெய் தேய்க்காதீர்கள், நிற்கவைத்துப் பார்க்காதீர்கள். “வயதாயிற்று, இனி எதற்கு அறுவை? கட்டிலோடு இருக்கட்டும்” என்று இரக்கத்தோடு சொல்லப்படும் சொல் பல வேளைகளில் அவருடைய ஆயுளைக் குறைத்துவிடுகிறது. படுத்தே கிடப்பதால் படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி, காலில் இரத்தக்கட்டி ஆகியன வந்து சேரும். உடல்நிலை இடம்கொடுத்தால் ஓரிரு நாட்களுக்குள் அறுவை செய்து விரைவில் எழுப்பி நடக்கவைப்பதே இன்றைய முறை.

<b>முறிவும் கட்டும்</b>

ஒடிந்த எலும்பைச் சேர்ப்பதை அரபு மொழியில் ‘ஜப்ர்’ என்பர். கணித மேதை அல்குவாரிஸ்மியின் நூற்பெயரில் உள்ள ‘அல்ஜப்ர்’ என்பதும் இதே சொல்தான். குறைந்ததை ஈடுசெய்து சரிப்படுத்துதல் என்பது பொருள். ஸ்பெயினில் நெடுங்காலம் எலும்பு கட்டுவோரை ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்றே அழைத்தனர். குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் பெருநூலின் இறுதிப் பகுதியில் எலும்பு முறிவுக்கும் மூட்டு நழுவலுக்கும் தனி இடம் ஒதுக்கியிருந்தார். எலும்பு கட்டும் கலை நம்மவருக்குப் புதிதன்று. அதை இகழ்வதும் என் நோக்கமன்று.

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு, மூன்று வாரங்களில் மென்மையான குருத்துப் பாலம் ஒன்று இரு முனைகளையும் இணைக்கிறது. பின் அதில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிறது. வளர்ந்தவருக்கு முன்கை எலும்பு கூட ஆறு வாரமும், தொடை எலும்பு கூட மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஒட்டவைப்பது எலும்பே, கட்டுப்போடுபவர் செய்வது அதை நேராக நிறுத்தி அசையாமல் காப்பது மட்டும். எனவே நேராக நின்றதா என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும். ராண்ட்ஜன் அக்கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்பும் அதில் அணிந்த மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. நூற்றுமுப்பது ஆண்டுகளாக நம்மிடையே உள்ள அந்த வசதியைத் தவிர்த்துவிட்டுத் தடவிப் பார்த்தே கட்டுவது ஏன் என்பதுதான் கேள்வி.

மிக அஞ்சத்தக்கது சிறுவரின் முழங்கை. மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ விழும் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது வழக்கம். அதன் முன்னால்தான் கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. அங்கே எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் பட்டை வைத்து இறுகக் கட்டிவிட்டால், உள்ளே வீக்கம் கூடக் கூட இரத்தம் போக வழியிருக்காது. ஆறு மணி நேரத்திற்குள் தசை சாகத் தொடங்கும். பின்னர் எலும்பு நன்றாகக் கூடினாலும் விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கி நின்றுவிடும். எழுதவோ எடுத்துண்ணவோ அந்தக் கை உதவாது.

ஆகவே கட்டுப் போட்டவர் யாராக இருப்பினும், அது மாவுக் கட்டாயினும் பட்டைக் கட்டாயினும், அன்றிரவு பெற்றோர் உறங்கலாகாது. கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்து, மணிக்கொரு முறை விரல்களைப் பார்க்க வேண்டும். வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, மரத்துப்போயிற்றா, விரலை மெல்ல நீட்டினால் பிள்ளை அலறுகிறானா என்று கவனிக்க வேண்டும். நேரமாக ஆகக் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போனாலும் அதே எச்சரிக்கைதான். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று இராமல், அந்நேரமே கட்டை முழுவதுமாகத் தளர்த்தச் செய்து, எலும்பு மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்ல வேண்டும்.